மூன்று பொட்டலத் தேர்தல்

சோழவந்தான் அருகிலிருந்து,
14.8.1983

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

சேசுவின் கிருபையாலும் இவ்வூர்க் கருப்பசாமியின் தயவாலும் பிலோமினா நலம். இரண்டாவது பெயரைக் கேட்டதும் அத்தை நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். முழுவதும் வாசித்த பிறகு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்பாவிடம் எனக்காக வாதாடி இந்தக் கிராமத் தலைமைப் பயிற்சிக்கு அனுப்பியவர் நீங்கள். ஆறு மாதத்தில் ஒன்றும் நடக்காவிட்டால் நான் வீட்டுக்குத் திரும்பிக் கழுத்தை நீட்ட வேண்டும் என்பது அப்பாவின் நிபந்தனை. அந்தக் கெடு போன வியாழனோடு முடிந்தது. அன்றுதான் பயிற்சி நிலையத்து ஃபாதரும் பார்வையிட வந்தார். அதற்குள் மாதர் சங்கத்துக்கு ஊர்ப் பெண்களில் ஒருவர் தலைவியாகியிருக்க வேண்டும். நான் தலைமை ஏற்கக் கூடாது. தலைவி கிடைத்ததும் அடுத்த ஊருக்குப் போய்விட வேண்டும். கையேட்டில் உள்ள இந்த விதியைச் சங்கத்தில் உரக்கவே வாசித்திருந்தேன்.

போட்டியிட்டவர்கள் சீனியம்மாளும் ரெங்கம்மாளும். இருவரும் சம்பந்திகள். வாக்குச் சீட்டை நீட்டியதும், "நான் செயிச்சா எம்மக அந்த வீட்டுல நிம்மதியா சோறு திங்க முடியுமா டீச்சர்?" என்றார் சீனியம்மாள். "நான் செயிச்சா மட்டும் இவுக வாய் சும்மா இருக்குமாக்கும்" என்றார் ரெங்கம்மாள். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போகும் ராக்கம்மாள்தான் வழி சொன்னார்: "எதுக்கு வம்பு, சாமிகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம். ரெண்டாக் கட்டுனா சண்டை, மூணாக் கட்டுவோம்." சீனியம்மாளுக்கு அரளி, ரெங்கம்மாளுக்கு நந்தியாவட்டை, ஒப்புக்கு எனக்கொரு வெற்றிலை. மக்களின் நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்று அதே கையேடு சொல்வதால் நானும் தலையாட்டிவிட்டேன். மூன்றையும் வெளியே தெரியாதபடி பொட்டலங்களாக ராக்கம்மாளே கட்டினார், கருப்பன் பீடத்தில் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டு அவரே ஒன்றை எடுத்தார், பிரித்தால் வெற்றிலை. நான் ராஜினாமா என்றேன். "கருப்பன் குடுத்தத வேணாம்னா காய்ச்ச வரும் டீச்சர்" என்றார்கள். நான் படித்த அத்தனை புத்தகங்களிலும் இதற்கு மட்டும் பரிகாரம் இல்லை, மாமா.

வியாழக்கிழமை நான் கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். "தலைவி யாரும்மா?" என்றார் ஃபாதர். நாற்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. எனக்கு மணவறையே கண்முன் வந்துவிட்டது. அப்போது ராக்கம்மாள் எழுந்து, "எங்க தலைவி கூச்சப்படுற புள்ள சாமி, அதுக்குப் பதிலா நான் பேசுறேன்" என்று தொடங்கி, ஆறு மாதமாக வராத குடிதண்ணீர்க் குழாயிலிருந்து ஆண்களுக்குப் பாதியாக இருக்கும் பெண்கள் கூலி வரை அரைமணி நேரம் பேசினார். நடுவில் வாயைத் திறந்த ஃபாதரிடம், "பொறுங்க சாமி, இம்புட்டுத்தானா எங்க பாடு" என்றார்.

ஃபாதர் குறிப்பேட்டில் எழுதினார்: "ராக்கம்மாள் பிறவித் தலைவி. பக்குவப்படும்வரை பிலோமினா இன்னும் ஓராண்டு இங்கேயே இருக்கட்டும்."

அந்த ஓராண்டை அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லும் வேலையும் உங்களுடையதே. நான் எழுந்து நிற்கும் இடமெல்லாம் நீங்கள் எனக்காகப் பேசி வாங்கித் தந்தது. அதை மறக்கமாட்டேன். அத்தைக்கு ஒரு கவுளி கொழுந்து வெற்றிலை அனுப்பியிருக்கிறேன். உங்கள் இருவர் ஜெபத்திலும் எனக்கு இடம் வேண்டும்.

கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
பிலோமினா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் கோவில் பக்கம் போனேன். எடுக்காத இரண்டு பொட்டலங்களும் பீடத்திலேயே கிடந்தன. பிரித்தேன். இரண்டிலும் வெற்றிலை. ராக்கம்மாளிடம் கேட்டதற்கு, "அரளி வந்திருந்தா நீங்க அடுத்த ஊருக்குல்ல போயிருப்பீக" என்றார். ஆகவே முதல் வரியில் கருப்பசாமியை அடித்துவிட்டு ராக்கம்மாள் என்று எழுதிக்கொள்ளுங்கள். அத்தை சிலுவை போட வேண்டியதில்லை.