நான் உங்கள் மகள் இல்லை என்று எழுதிக் கொடுங்கள், பெரியப்பா

முதலியார்பேட்டை,
செவ்வாய்க்கிழமை, 12 செப்டம்பர் 1978.

முத்தியால்பேட்டையில் சௌக்கியமாகவும், நான் கேட்டதை மட்டும் தர மறுத்துக்கொண்டும் இருக்கிற பெரியப்பா தேவதாஸ் அவர்களுக்கு, உங்கள் தம்பி சாமிக்கண்ணுவின் மகள் வேம்பு வணக்கத்துடன் எழுதுவது. தம்பியின் மகள் என்பதை அடிக்கோடிட்டிருக்கிறேன். கவனிக்கவும்.

இங்கே அப்பா நலம், அம்மா நலம். நான் நலமில்லை. காரணம் நீங்கள்.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் சைக்கிளில் இருபது நிமிடம். இருந்தும் தபாலில் எழுதுகிறேன். நேரில் வந்தால் பெரியம்மா தட்டு வைப்பார். சாப்பிட்டால் என் கோபம் போய்விடும். இந்த வாரம் அது எனக்குத் தேவைப்படுகிறது.

ஒரு முறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் நான் என்.சி.சி. விமானப் பிரிவு கேடட். கேடட்டுகளுக்கு விமானம் ஓட்டக் கற்றுத்தர ஓர் உதவித்தொகை இருக்கிறது. மீனம்பாக்கத்தில் நாற்பது மணி நேரம் பறக்கலாம். எங்கள் பிரிவுக்கு ஒரே இடம். பரீட்சையில் நான் முதல். கண் சரி. காது சரி. இதயம் சரி. நாடு மட்டும் சரியில்லை. விசாரணையில் நான் பிரெஞ்சுக்காரி என்று தெரியவந்தது. பெயர் வேம்பு, தகப்பனார் பெயர் தேவதாஸ்.

அறுபத்திரண்டில், நம் ஊர் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள், பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, சைகோன் வரை போய்வந்த நீங்கள் போனீர்கள், சரி, உங்கள் மூன்று பிள்ளைகளோடு நாலு வயது என்னையும் தோளில் தூக்கிக்கொண்டு போனீர்கள், அதுவும் சரி, விட்டுப் போனால் நான் அழுதிருப்பேன், ஆனால் குமாஸ்தா பிள்ளைகள் எத்தனை என்று கேட்டதும் தலைகளை எண்ணி நாலு என்றீர்களே, பெயர் கேட்டார் சொன்னீர்கள், பிறந்த தேதி கேட்டார் சொன்னீர்கள், கடைசிப் பிள்ளை மட்டும் தம்பி பிள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஏன் என்று போன மாதம் கேட்டால், "எவனாவது தம்பி புள்ளைய தனியா எண்ணுவானா? என்னா கேள்வி கேக்குற நீ!" என்று என் மீதே பாய்கிறீர்கள்.

உங்கள் தம்பி உங்களுக்குக் குறைந்தவரில்லை. விசாரிக்க வந்த போலீஸ்காரர் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "இது உம் பொண்ணா, உங்க அண்ணன் பொண்ணா?" அப்பா ஆலைச் சங்கக் கூட்டத்தில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றார். "எம் பொண்ணுன்னா என்னா சார், அண்ணன் பொண்ணுன்னா என்னா? எங்க வூட்ல அப்டிலாம் பிரிச்சிப் பேசறதில்ல." போலீஸ்காரர் நோட்டை மூடிவிட்டார்.

எங்கள் அதிகாரி ராஜாங்கம் சார்தான் ஒரு வழி சொன்னார். "தப்பா சேத்துட்டேன், இது எம் பொண்ணு இல்லன்னு உங்க பெரியப்பா நாலு வரி எழுதிக் கையெழுத்து போட்டா போதும்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடு. இல்லன்னா எடம் ரெண்டாவதா வந்த வடிவேலுக்குப் போயிடும்."

நாலு வரி. அதற்காக மூன்று ஞாயிறு வந்தேன்.

முதல் ஞாயிறு: "எம் பொண்ணு இல்லன்னு எங்கையால எழுதணுமா? துப்பாக்கி புடிச்ச கை இது. அதுக்கு வேற ஆளப் பாரு." மீன் குழம்பு.

இரண்டாம் ஞாயிறு: "பிரெஞ்சுக்காரியா இருந்தா என்னா கொறஞ்சி போச்சி? பாரீசுக்கே பிளேன் ஏறிப் போலாமே."

"ஏறிப் போவ இல்ல பெரியப்பா. ஓட்ட."

"பொம்பளப் புள்ள ஓட்டற பிளேன்ல எவன் ஏறுவான்?"

"நீங்க ஏற வேணாம்."

இறால்.

மூன்றாம் ஞாயிறு என்னைக் கண்டதும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டீர்கள். "சாப்ட்டுட்டு சண்ட போடுங்க" என்றார் பெரியம்மா. சாப்பிட்டேன். சண்டை பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

வடிவேல் தினமும் கேட்கிறான்: "இன்னா மதாம், பிரான்சுக்குக் கப்பல் எப்ப?" நல்ல பையன். அவனுக்கு அந்த இடத்தைத் தர மாட்டேன்.

தேர்வின்போது என்னை ஒரு முறை மேலே கூட்டிப்போனார்கள். பதினோரு நிமிடம். பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர். நடுவில் அவர் பிடியை விட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பத்து விநாடி இருக்கும். அவ்வளவு நேரமும் விமானத்தைப் பிடித்திருந்தது நான் மட்டும்தான். பயம் வரவில்லை. இறங்கிய பிறகு, என் வாழ்வின் மற்ற எல்லா நேரங்களிலும் வேறு யாரோ பிடித்துக்கொண்டிருந்ததுபோல் பட்டது.

அன்பினால்தான் என்னை எண்ணினீர்கள். தெரியும். இப்போது எண்ணாதீர்கள். கெஞ்சவில்லை, சொல்கிறேன். நீங்கள் எழுதாவிட்டால், வெள்ளிக்கிழமை காலை தேவதாஸ் என்று எவரையும் எனக்குத் தெரியாது என்று நானே எழுதிக் கொடுப்பேன். அது செல்லாதாம். இருந்தாலும் எழுதுவேன்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்களிடம் இந்த முறை ஆசி கேட்கப் போவதில்லை. கையெழுத்து போதும்.

இப்படிக்கு,
உங்களுக்கு மகள் அல்லாத,
சா. வேம்பு

பின்குறிப்பு: புதன், மாலை. இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பும்போது தபால்காரர் உங்கள் உறையைக் கொடுத்தார். நீங்களும் தபாலில்தான். பிரெஞ்சில் நாலு வரி, கீழே தமிழில் நாலு வரி. "வேம்பு என் மகள் அல்ல." அந்த "அல்ல"வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்து, மூன்றாவதை விட்டுவைத்திருக்கிறீர்கள். ஒவ்வோர் அடித்தலுக்குப் பக்கத்திலும் படைவீரர் ஒழுங்கோடு ஒரு சுருக்கொப்பம். ராஜாங்கம் சார் வாங்கிக்கொண்டார். இடம் எனக்குத்தான். வடிவேல் கை கொடுத்தான். அதன் பிறகு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் அழுதேன். மேலே எழுதிய எதையும் அடிக்காமல் அனுப்புகிறேன். கோபம் அதேதான், காரணம் மாறிவிட்டது. நான் கேட்டேன் என்பதற்காக, இப்படி எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது பெரியப்பா?