தாராவியில் நிரம்பி வழிந்த ஜெபவீடு

தாராவி, பம்பாய்
ஜூலை 1946

கர்த்தருக்குள் பிரியமான அத்தான் வேதமுத்து அவர்களுக்கு, உங்கள் தங்கை அன்னபாக்கியத்தின் புருஷன் ஞானாபரணம் ஸ்தோத்திரத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நனைந்த சுகம். அங்கே நீங்கள் உலர்ந்த சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

"பம்பாய்க்கு ஊழியத்துக்குப் போறவன் ஒரு மழைக்குத் தாங்கமாட்டான், பெட்டியத் தூக்கிட்டு வந்து நிப்பான்" என்று நம்மூர் நாசரேத் கடைத்தெருவில் நீங்கள் சொன்னது என் காதுக்கு வந்தது. அத்தான், தாங்கிவிட்டேன். தாங்கினது மட்டுமல்ல, ஜெயித்தும்விட்டேன்.

இங்கே மழை மேலேயிருந்து மட்டும் வருவதில்லை, மாகிம் ஓடையிலிருந்தும் வரும். வேதபுஸ்தகத்தில் பூசணம், அன்னபாக்கியம் அடுப்பைக் கட்டில்மேல் ஏற்றிச் சமைக்கிறாள், நான் குடை பிடித்துக்கொண்டு சாப்பிடுகிறேன், இந்த லட்சணத்தில் குருவானவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று தாக்கல் வந்தது. ஜெபத்துக்கு ஆள் சேராவிட்டால் தாராவி ஊழியத்தை மூடி என்னை ஊருக்கு அனுப்பிவிடுவதாக அவர் முன்னமே சொல்லியிருந்தார். சேர்ந்த ஆள் யார்? நானும் உங்கள் தங்கையும், தூங்குவதற்கென்றே வரும் ஒரு கிழவரும்தான். சனிக்கிழமை ஓடை பொங்கிக் குடிசையெல்லாம் தண்ணீர், மேட்டில் நிற்பது ஜெபவீடு ஒன்றுதானே, தோல் பதனிடும் ஷாப்பு மேஸ்திரி இசக்கிமுத்து தொடங்கித் தெருவே சட்டிபானை, ஆடு, கோழியோடு உள்ளே ஏறிவிட்டது. போகச் சொல்ல யாருக்கு மனசு வரும்? மறுநாள் குருவானவர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் வந்து வாசலில் நின்று கூட்டத்தை எண்ணத் தொடங்கினார். நான் கீர்த்தனையை எடுத்தேன் பாருங்கள், இசக்கிமுத்து அடுத்த அடியைப் பிடித்தார், கூட்டமே சேர்ந்து பாடிற்று, ஒரு வார்த்தை பிசகவில்லை. விடியற்காலந்தோறும் நான் பாடுவதைத் தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக் கேட்டு அவர்களுக்கு மனப்பாடமாம். "எங்கள ஒறங்க விட்டாத்தானய்யா" என்கிறார் இசக்கிமுத்து. குருவானவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊழியம் நடக்கட்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அத்தான்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் சமாதானம் பெருகுவதாக. உங்கள் ஊரில் மழை அளவோடு பெய்வதாக.

இப்படிக்கு,
பெட்டியைத் தூக்காத உங்கள் மைத்துனன்,
ஞானாபரணம்

பி.கு.: மழை வெறித்து எல்லாரும் குடிசைக்குப் போய்விட்டார்கள். இசக்கிமுத்து மட்டும் இன்று வந்தார். "அய்யா, ஒங்க சாமிக்கு ஆள் கொறஞ்சப்ப நாங்க பாடிக் குடுத்தோம்லா. எங்க சொடலைச்சாமிக்குக் கோயில் கொடை வருது, வில்லுப்பாட்டுக்குக் குடம் அடிக்க ஆளில்ல. ஒங்களுக்குத் தாளம் நிக்கி, நீங்கதான் வரணும்" என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு முகம் ஏது? ஒப்புக்கொண்டேன். தயவுசெய்து இந்தப் பகுதியைச் சபையில் வாசித்துவிட வேண்டாம். அன்னபாக்கியம் தண்ணீர்க் குடத்தை ஒளித்து வைத்துவிட்டாள், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கித்தான் பழகுகிறேன்.