கெப்டன் போட்ட களிசான்

“இதுக்குள்ள இருந்த துணி எங்க, பிரேமிளா?”

“எந்தத் துணி?”

“கெப்டன் துணி!”

பிரேமிளா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. “அந்தத் தம்மாத்துண்டு வெள்ளைத் துணியா? மேசையில கெடந்துச்சு. மூக்குக் கண்ணாடிய தொடச்சுட்டுக் குப்பையில போட்டேன். குப்பை லொறி வந்துட்டுப் போயிருச்சு.”

ஜனகன் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தான்.

தண்ணீர்க் கட்டண அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞனான அவனுக்கு வயது நாற்பத்து மூன்று. ராசமயில் பிஸ்கட் கம்பெனி பைக்கற்றுக்குள் வைத்து வெளியிட்ட கிரிக்கெட் அட்டைகளில் ஒன்றைத் தவிர அத்தனையும் அவனிடம் உண்டு. முதல் வருடம் ‘மைதானத்தின் மணம் வீசும் அட்டைகள்’ வந்தன. மழையில் நனைந்த ஆட்டின் மணம் வீசியது. அடுத்த வருடம் ‘இருட்டில் ஒளிரும் அட்டைகள்’. நடுப்பகல் வெயிலில் பிடித்தாலும் யார் முகமென்று தெரியவில்லை. பிறகு பந்து வடிவ அட்டைகள். எந்த அல்பத்திலும் அடங்காமல் அலுமாரிக்கடியில் உருண்டு போயின. ஒவ்வொரு முறையும் ஜனகன் ஏமாந்தான். அடுத்த தொகுதி வந்ததும் முதல் ஆளாகக் கடை வாசலில் நின்றான். அட்டைக்காக வாங்கிய பிஸ்கட்டையெல்லாம் தின்று தீர்த்த மனைவி பிரேமிளாவுக்கு, பிஸ்கட் என்ற சொல்லைக் கேட்டாலே குமட்டும்.

இந்த வருடம் ‘வீரர் உடுத்த துணி’. ஏழாம் அட்டையின் நடுவில் சின்னதாக ஒரு சன்னல். அதற்குள், முன்னாள் கெப்டன் விபுலசேன தன் கடைசிப் போட்டியில் போட்டிருந்த காற்சட்டையின் துண்டு. கண்டியின் ஈரக் காற்றில் இரண்டே வாரத்தில் பசை விட்டுவிட்டது.

கைபேசி அடித்தது. அக்குறணையிலிருந்து சக சேகரிப்பாளன் ஹில்மி.

“ஜனகன் நானா, ஞாயித்துக்கெழம வாறேன். உங்கட ஏழாம் அட்டையத் தாங்க, என்ட முதல் வருசத்துப் பதினோராம் அட்டைய எடுங்க. உங்கட அந்த செட் முழுசாகும்.”

“வாங்க, வாங்க.”

“தம்பிட்டயும் ஏழாம் அட்ட இரிக்கி. தரமாட்டேங்கிறான். அதையும் பூதக்கண்ணாடியையும் கொண்டாறேன். நெசவ ஒப்பிட்டுப் பார்த்தாத்தானே நல்லம்? நீங்களே போட்ட சட்டம்தானே.”

சட்டம் ஜனகன் போட்டதுதான். கண்டி அட்டை சேகரிப்போர் வட்டத்தின் செயலாளர் அவன். மணம் போன அட்டையில் அத்தர் பூசிய ரஸீனை, ‘சேகரிப்புத் துறைக்கே களங்கம்’ என்று எழுதி வட்டத்தைவிட்டு நீக்கியவனும் அவனே.

அன்று மாலையே தன் வெள்ளைச் சட்டையின் அடிப்பகுதியில் ஒரு சதுரம் வெட்டினான். பாற்பற்களைப் போலப் பளபளத்தது. பழையதாகத் தெரிவதற்காகச் சாயத்தேநீரில் ஊறவைத்தான். கெப்டன் சேற்றில் விழுந்து புரண்டதுபோல் ஆயிற்று. வெளுக்க வைக்கும் மருந்தில் போட்டான். ஓட்டை விழுந்தது. இன்னொரு சதுரம், இன்னொரு தேநீர். சனிக்கிழமை காலை அலுவலகச் சட்டை தொப்புள் வரைதான் இருந்தது.

“ரஸீன் நானாகிட்ட கேளுங்களேன்,” என்றாள் பிரேமிளா. “அவருக்கு இதுல அனுபவம் இருக்குமே.”

ஜனகன் அட்டையையும் கத்தரிக்கோலையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினான். கெப்டன் விபுலசேனவின் வீடு அனிவத்தையில் இருப்பது அவனுக்குத் தெரியும். கட்டணப் பட்டியலில் பார்த்திருக்கிறான்.

கதவைத் திறந்தவள் அங்கே சமையல் செய்யும் அழகம்மா. தெல்தோட்டைக்காரி.

“தண்ணி மீட்டர் பார்க்க வந்தேன்,” என்று அடையாள அட்டையை நீட்டினான் ஜனகன். “ஐயா இருக்காரா?”

“ஐயா கொழும்புக்குப் போயிட்டாருங்க. நல்லவேள நீங்க வந்தீங்க! குசினிப் பைப் ஒழுகுது. எத்தன தடவ போன் பண்ணியாச்சு!”

பதினெட்டு வருடம் தண்ணீருக்குக் கணக்கெழுதிய ஜனகன் ஒரு குழாயையும் திருகியதில்லை. இப்போது திருகினான். குழாயின் தலை அவன் கையோடு வந்தது. தண்ணீர் கூரையை அடித்தது. அழகம்மா ஓடிப்போய் வெளியே வால்வை மூடி வருவதற்குள் அவன் ஆற்றில் விழுந்து எழுந்தவனைப் போல் நின்றான்.

“பின்னால போய் வெயில்ல நில்லுங்க சார். துவாய் எடுத்துட்டு வாறேன்.”

பின்புறத்துக் கொடியில் வெள்ளைக் காற்சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. ஜனகன் கிட்டப் போய்க் கண்ணால் அளந்தான். கெப்டனுடைய இடுப்பு, கெப்டனுடைய உயரம்! பையிலிருந்த சின்னக் கத்தரிக்கோலை எடுத்தான். ஓர் அங்குலச் சதுரம் போதும். பின்பக்கம் வெட்டினால் யார் பார்க்கப்போகிறார்கள்?

“ஐயையோ! என்ன சார் பண்றீங்க?”

துவாயோடு நின்றாள் அழகம்மா. ஜனகனின் ஒரு கையில் கத்தரிக்கோல், மறுகையில் துண்டு. காற்சட்டையின் பிட்டத்தில் சதுரமாக வானம் தெரிந்தது.

தப்ப வழியில்லை. அட்டையை எடுத்துக் காட்டி, கண்ணாடி துடைத்த கதையிலிருந்து பூதக்கண்ணாடி வரை எல்லாவற்றையும் கொட்டினான். “ஐயாவுக்குப் புதுசு வாங்கித் தாறேன். இந்தத் துண்டு மட்டும் எனக்கு வேணும்மா.”

“இது ஐயாவோடது இல்லீங்களே,” என்றாள் அழகம்மா. “எங்க வீட்டுக்காரரோடது. ஹோட்டல்ல வெயிட்டருங்க. அவங்க குடுக்குற களிசான்.”

ஜனகன் துண்டைப் பார்த்தான். எத்தனையோ கலியாண விருந்தில் பருப்புக்கறி சுமந்த துணி. இதைக் கெப்டன் துணியென்று ஒட்டினால், நாளைக்கு ஹில்மியின் பூதக்கண்ணாடி முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடும். செய்தி கேட்டு ரஸீன் எழுந்து நின்று கை தட்டுவான். பதினெட்டு வருடத்தில் எதற்கும் அழாதவன், ஈரச் சட்டையோடு துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து விசும்பத் தொடங்கினான்.

அழகம்மாவுக்கு மனது கேட்கவில்லை. கேற் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவனருகில் குனிந்து மெல்லச் சொன்னாள்:

“அழாதீங்க சார், பயப்படாம ஒட்டுங்க. அன்னைக்கு பிஸ்கட் கம்பெனிக்காரங்க வந்து நின்னப்போ, ஐயாவோட நல்ல களிசானைக் குடுக்க மனசு வராம, நான் எடுத்துக் குடுத்ததும் எங்க வீட்டுக்காரரோடதுதாங்க.”