ஃபெயிலாகத் தெரியாத லிகாயா அக்கா

நர்ஸ் ஆக விரும்புகிறவர் முதலில் நர்ஸ் படிப்பில் சேர வேண்டும். நர்ஸ் படிப்பில் சேர விரும்புகிறவர், அதைப் படிக்கும் யோக்கியதை தமக்கு உண்டு என்பதை அதற்கும் முன்னால் ஐந்து பாடங்கள் படித்து நிரூபிக்க வேண்டும். உடற்கூறு, உடலியக்கம், நுண்ணுயிர், வேதியியல், புள்ளியியல். இவற்றுக்கு முன்தேவைப் பாடங்கள் என்று பெயர். கலிஃபோர்னியாவில், பாதாம் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஓக்வாட்டர் சமுதாயக் கல்லூரியில் இது நெடுங்காலமாக அமலில் உள்ள நடைமுறை. இதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்க முடியாது. புள்ளியியல் தெரியாத கையால் ஊசி போட்டுக்கொள்ள யார்தான் சம்மதிப்பார்கள்?

இடங்கள் நாற்பது. விண்ணப்பங்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு. அதில் ஒன்று லிகாயா துமானெங்குடையது, இன்னொன்று என்னுடையது. என் பெயர் நிலோ. நாங்கள் இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் உதவியாளர்கள். படுக்கை விரிப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது எங்கள் வேலை. இருவரும் பிலிப்பைன்ஸ்காரர்கள் என்பதாலும் என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்பதாலும் எனக்கு அவள் அக்கா.

அக்கா ஊரில் இரண்டு வருடம் நர்ஸ் படிப்பு படித்தவள். அந்தச் சான்றிதழைக் கல்லூரி அலுவலகம் நான்கு மாதம் பரிசீலித்து, 'அந்நாட்டு எலும்புக்கூடு இந்நாட்டு எலும்புக்கூட்டுக்கு இணையானதாகக் கருதப்படமாட்டாது' என்ற பொருள்படப் பதில் அனுப்பியது. சரிதான் என்று அக்கா முதலிலிருந்து ஆரம்பித்தாள். கிழவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டே எலும்புகளை மனப்பாடம் செய்தாள். "தாத்தா, அந்த ஸ்காப்புலாவை கொஞ்சம் திருப்புங்க, சோப்பு போடணும்." ஆறே மாதத்தில் எங்கள் இல்லத்துக் கிழவர்கள் டாக்டரிடமே எலும்பின் பெயரைச் சொல்லி வலியைக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். ஐந்து பாடத்திலும் அக்காவுக்கு ஏ கிரேடு.

என் கதை வேறு. உடற்கூறு நடந்த காலத்தில் வீட்டில் புதிதாகக் கரோக்கி மிஷின் வாங்கியிருந்தேன். விளைவு, டி, அதாவது தேறவில்லை. மறுவருடம் அக்கா ஒவ்வொரு ஞாயிறும் என்னைத் தன் சமையலறையில் உட்காரவைத்து, பன்சித் நூடுல்ஸைத் தட்டில் போட்டு, "எருமை, இது கல்லீரல், அது மண்ணீரல்" என்று திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தாள். பி வாங்கினேன். மற்றதிலும் அப்படி இப்படித்தான்.

இரண்டு முறை விண்ணப்பித்தும் அக்காவுக்கு இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் முறைக்கு முன்னால் கல்லூரியின் மாணவர் ஆலோசகர் திருமதி விட்லோவைப் பார்க்கப் போனாள். துணைக்கு நானும் போனேன். அவர் அறைச் சுவரில் சிமெண்டைப் பிளந்துகொண்டு முளைத்த ஒரு செடியின் படம் இருந்தது. அதே செடி அவர் காபிக் கோப்பையிலும் இருந்தது.

"அஞ்சுலயும் ஏ," என்றார் திருமதி விட்லோ, கணினியைப் பார்த்துக்கொண்டே. "அதுதான் பிரச்சினையே."

"பிரச்சினையா மேடம்?"

"இப்போ எல்லாரும் ஏ வாங்கிடறாங்க. தேர்வுக் குழு யாரைத்தான் எடுக்கும்? ஒரு தடவைகூடத் தோக்காதவங்க ஆஸ்பத்திரி நெருக்கடியில உடைஞ்சு போயிடுவாங்கன்னு ஒரு கருத்தரங்குல சொன்னாங்களாம். அதனால இந்த வருஷத்துலேருந்து மீண்டெழும் திறனுக்குப் பதினஞ்சு மார்க்."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ எனக்கு முழுசா போடுங்க மேடம். பதினேழு வயசுல அப்பா போயிட்டார். புருஷன் விட்டுட்டு ஓடிட்டான். ரெண்டு புள்ளைங்கள ஒத்தையில வளர்த்தேன். இங்க வந்த முதல் வருஷம் குளிருக்கு ஸ்வெட்டர்கூட இல்ல."

திருமதி விட்லோ கண்கலங்கினார். வேஷமில்லை, உண்மையாகவே கலங்கினார். டிஷ்யூவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நெகிழ்ச்சியா இருக்கு லிகாயா. ஆனா இதெல்லாம் மார்க் ஷீட்ல இல்லையே?" என்றார்.

"மார்க் ஷீட்லயா?"

"தோல்விக்கு ஆவணம் வேணும். ஒரு டி, இல்ல ஒரு எஃப். அப்புறம் அதையே திரும்பப் படிச்சுத் தேறியிருக்கணும்."

"சரி, இப்பவே ஒண்ணுல சேர்ந்து ஃபெயிலாகிடறேன்."

"ஏ வாங்கின பாடத்தை மறுபடி படிக்க விதியில இடமில்லை."

"அப்போ நான் எப்படித்தான் மேடம் ஃபெயிலாகறது?"

"இதுக்குத்தான் எல்லாத்தையும் முன்கூட்டியே திட்டமிடணும்னு சொல்றோம். நீங்க முதல் வருஷமே என்னை வந்து பார்த்திருக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. உங்க உடற்கூறு ஏ வர்ற ஜூனோட காலாவதி. அஞ்சு வருஷம்தான் செல்லும்."

"ஏன் மேடம், எலும்பு ஏதாச்சும் மாறிடுச்சா?"

"எலும்பு மாறலை. மார்க் கெட்டுப்போயிடும்."

"அதுக்கப்புறம் திரும்பப் படிக்கலாமா?"

"தாராளமா. ஆனா அது தோல்வியில சேராது. அதுக்குப் புதுப்பித்தல்னு பேரு."

இந்த வருடம் விட்டால் மறுபடி முதலிலிருந்து. அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் வந்திருந்ததால் திருமதி விட்லோ என் மார்க் ஷீட்டையும் திறந்து பார்த்தார். பார்த்தவர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

"டி! அப்புறம் பி! இதுதான் நிலோ, இதேதான்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு டி-க்காக என்னைப் பெற்றவள்கூட அதுவரை என்னைப் பாராட்டியதில்லை. இத்தனைக்கும் நான் மீண்டெழுந்தது கரோக்கியிலிருந்து.

அடுத்து நடந்ததற்கு நான்தான் பொறுப்பு. மதிப்பெண்ணைத் திருத்தக் கல்லூரியில் ஒரு படிவம் உண்டு. ஆசிரியர் தவறுதலாக மார்க் போட்டுவிட்டால் அவரே கையெழுத்திட்டு மாற்றலாம். ஏ-யை டி ஆக்கிவிட்டால், ஆறு வாரக் குளிர்கால வகுப்பில் சேர்ந்து, விண்ணப்பத் தேதிக்குள் மறுபடி ஏ வாங்கிவிடலாம். கணக்குப் பிசகவில்லை. மனுவை நானே எழுதினேன்: 'மேற்படி பாடத்தில் எனக்குத் தவறுதலாக வழங்கப்பட்ட உயர் மதிப்பெண்ணைத் தயைகூர்ந்து ரத்துசெய்து, எனக்கு உரித்தான தோல்வியை வழங்கி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.'

உடற்கூறு பேராசிரியர் ஓஹானியன் எழுபது வயது ஆர்மீனியர். மனுவை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தடவையும் படித்தார்.

"முப்பது வருஷமா இந்த நாற்காலியில உக்காந்து மார்க்கைக் கூட்டிப் போடுங்கன்னு அழுதவங்க எத்தனையோ பேர். குறைக்கச் சொல்லி வந்தது நீதான்மா முதல் ஆள்."

"வேற வழியில்ல சார்."

"நான் பொய்க் கையெழுத்துப் போடமாட்டேன். ஒண்ணு பண்ணலாம். கேள்வி கேக்கறேன், தப்பாச் சொல்லு. உனக்கு ஒண்ணும் தெரியாது, அன்னிக்கு நான்தான் மார்க்கைத் தப்பாப் போட்டுட்டேன்னு மனசாரக் கையெழுத்துப் போடறேன்." பேனா மூடியைத் திறந்தார். "வளர்ந்த மனுஷனுக்கு எத்தனை எலும்பு?"

 அக்காவுக்கு வியர்த்தது.

"இருநூத்தி..." என்றாள்.

"அஞ்சுன்னு சொல்லுக்கா!" என்று கிசுகிசுத்தேன்.

"இருநூத்தி..." தொண்டையைச் செருமினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஆறு."

ஓஹானியன் பெருமூச்சு விட்டார். "சரி, இன்னொண்ணு. இதயத்துல எத்தனை அறை?"

"நாலு சார்."

இந்தத் தடவை யோசிக்கக்கூட இல்லை! "மூணுன்னு சொன்னா வாய் வெந்தா போயிடும்?" என்று பல்லைக் கடித்தேன்.

"மூணுன்னா அது தவளைக்குடா!"

கிழவர் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பு நின்றது. பேனாவை மூடி, மனுவை நான்காக மடித்து அக்கா கையிலேயே கொடுத்தார். "என்னை மன்னிச்சிடும்மா. நீ இந்தப் பரீட்சையில தேறமாட்டே."

வெளியே கார் நிறுத்துமிடத்தில் நான் கத்தினேன். "ஒரே ஒரு தப்பு! ஒரு தப்பு சொல்லத் தெரியாதா உனக்கு? நான் பாரு, சும்மா பொளந்து கட்டுவேன்!"

அக்கா காரில் சாய்ந்துகொண்டு அழுதாள். "வாயே வரலைடா நிலோ. நாளைக்கு ஒரு நோயாளி முன்னாடி நிக்கும்போதும் இதே வாய்தானே பேசப்போகுது?" 

ஏப்ரலில் கடிதங்கள் வந்தன. எனக்கு, 'தங்கள் மீண்டெழும் பயணத்தால் குழு பெரிதும் ஈர்க்கப்பட்டது' என்று இடம் கொடுத்திருந்தார்கள். அக்காவுக்கு வருத்தம் தெரிவித்திருந்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நேராகத் திருமதி விட்லோவிடம் ஓடி, என் இடத்தை அக்காவுக்குக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டேன்.

"உயர்ந்த மனசு," என்றார். "ஆனா நீங்க விட்டுக்கொடுத்தா அது பட்டியல்ல அடுத்து இருக்கறவருக்குப் போகும். அவர் ரெண்டு எஃப் வாங்கினவர்."

ஜூன் மாதம் முப்பதாம் தேதி அக்காவின் ஏ முறைப்படி காலாவதியானது. ஆகஸ்டில் அவள் மறுபடி ஓஹானியன் வகுப்பில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். நான் நீலச் சீருடை தைத்துக்கொண்டேன். அதற்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவளும் அவள்தான்.

முதல் பருவத்துச் செய்முறைப் பயிற்சிக்கு எங்களை எங்கே அனுப்பினார்கள்? அதே முதியோர் இல்லத்துக்கு. மாணவ நர்ஸ் நான், உதவியாளர் அக்கா. இரண்டாம் நாள், புதிதாக வந்திருந்த திருமதி டக்கர் என்ற பாட்டி நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் விழுந்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல பாட்டி, சதை பிடிச்சிருக்கும், எழுந்திருங்க," என்று நான் அவர் கக்கத்தில் கைகொடுத்தேன்.

"தொடாதேடா!" படுக்கை விரிப்பைப் போட்டுவிட்டு அக்கா ஓடிவந்தாள். "காலைப் பாரு. வெளிப்பக்கமா திரும்பிக் கிடக்கு, மத்த காலைவிடக் குட்டையாத் தெரியுது பாரு. தொடை எலும்பு இடுப்புகிட்ட ஒடிஞ்சிருக்கு. அசைக்காதே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு." பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். அக்கா சொன்ன அதே இடம். யாராவது தூக்கியிருந்தால் பாட்டியின் கதி என்ன என்று பயிற்சி ஆசிரியை வகுப்பிலேயே விளக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "சரியா அடையாளம் கண்டது யாரு, நிலோ, நீங்கதானே?" என்றார்.

"இல்ல மேடம், உதவியாளர் லிகாயா."

அவர் படிவத்தை மேலும் கீழும் தேடினார். "உதவியாளர் பேரை எழுத இதுல கட்டம் இல்லையே. மாணவர் பேருக்குத்தான் இருக்கு." அதில் என் பேரை எழுதி, எதிரே ஏ போட்டார். நான் என் வாழ்நாளில் வாங்கிய முதல் ஏ அதுதான்.

இன்னும் இரண்டே வருடத்தில் என் மார்பில் நர்ஸ் என்று அட்டை தொங்கும். தேர்வுக் குழுத் தலைவரும், திருமதி விட்லோவும், இதைப் படித்துச் சிரிக்கும் நீங்களும் என்றைக்காவது ஒருநாள் எங்கள் இல்லத்துக் கட்டில் ஒன்றில் வந்து படுக்கத்தான் போகிறீர்கள். அப்போது நான் உங்கள் கையைப் பிடித்து நரம்பைத் தேடுவேன். ஒருதரம் தவறினாலும் பயப்படாதீர்கள், மீண்டெழுந்து மறுபடி குத்துவேன். ஆனால் வலி நிஜமாகவே பொறுக்க முடியவில்லை என்றால் என்னைக் கூப்பிட வேண்டாம். படுக்கை விரிக்க ஒரு அம்மா வருவாள், அவளைக் கேளுங்கள். நானும் அவளைத்தான் கேட்கப்போகிறேன்.