பரணிலிருந்து இறங்கிய பம்பர்

சிவசண்முகத்தின் ஜீப்புக்குப் பம்பர் உடைந்துபோனது. சீவலப்பேரிக்குப் பக்கத்தில், ஆற்றுக்குள், பாறை ஏறும்போது நடந்த விபத்து. உயிர்ச்சேதம் இல்லை. வண்டியை ஓட்டியவர் பாறைக்கு நாலடி தள்ளி, ஒரு கையில் ரிமோட்டும் மறுகையில் குடையுமாக நின்றிருந்தார்.

ஜீப்பின் நீளம் ஒன்றரை அடி. நிஜ ஜீப்பைப் பத்தில் ஒன்றாகக் குறுக்கிச் செய்தது. உள்ளே சீட் உண்டு, ஸ்டீயரிங் உண்டு, பின்னால் ஸ்டெப்னி உண்டு. சிவசண்முகம் பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டு. வயது ஐம்பத்திரண்டு. அவருக்குக் கீழே பன்னிரண்டு பேர் வேலை பார்ப்பதாகக் காகிதத்தில் இருந்தது. வலது என்றால் வலது, நில் என்றால் நில் என்று உண்மையிலேயே அவர் சொன்னபடி கேட்டது இந்த ஜீப் ஒன்றுதான். அதனால் அதன்மேல் அவருக்கு உயிர்.

வீட்டில் மனைவி ராஜராஜேஸ்வரி, கணக்கு டீச்சர். அவளுடைய டீ வடிகட்டி ஏற்கெனவே ஜீப்பின் முன்பக்கக் கம்பி வலையாகியிருந்தது. அன்றைக்கே அவள் சட்டம் போட்டுவிட்டாள்.

“இனிமே என்னைக் கேக்காம அடுக்களையிலருந்து ஒரு கரண்டி போனாலும் சரி, இந்த வண்டி ஆத்தோட போயிரும்.”

சொன்னால் செய்வாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் வாசித்துப் பழகிய புல்லாங்குழல் இப்போது எந்த வீட்டில் அடுப்பு ஊதுகிறதோ தெரியாது. அவளும் ஒன்றும் பெரிதாகக் கேட்டுவிடவில்லை. அரைத்த மாவை அப்படியே சாய்த்து எடுக்கிற கிரைண்டர் ஒன்று கேட்டாள். அதுவும் இரண்டு வருடமாக. “இருக்கதே நல்லாத்தான அரைக்கு” என்பது அவருடைய இரண்டு வருடத்துப் பதில்.

பேட்டையில் ஆரிப்பின் பட்டறை. கேட்கிற அளவுக்கு எதையும் வெட்டி மடக்கிக் கொடுப்பான்.

“எங்ககூட ஆத்துல வண்டி விடுத வன்னியராஜ், அவரு வண்டிக்குப் போட்டியே, அதே மாதிரி எஃகுல வேணும் ஆரிப். பாறையை முதல்ல சக்கரந்தான் தொடணும், பம்பர் தொடக் கூடாது. ரெண்டு ஓரமும் மேல ஏறி இருக்கட்டும். நடுவுல கொக்கி மாட்ட இடம் விடு.”

“செஞ்சிரலாம் அண்ணாச்சி. ஆனா இப்ப வார தகடு அப்பளம் கணக்கா இருக்கு. பழைய எவர்சில்வர் பாத்திரம் இருந்தா கொண்டாங்க. அதோட கனமே தனி.”

பழைய பாத்திரம் எங்கே இருக்கும் என்று சிவசண்முகத்துக்குத் தெரியும். பரணில், மூலையில், ஒரு சாக்கு மூட்டை. கல்யாணத்துக்கு வந்த பாத்திரமெல்லாம் அதில்தான் கிடக்கிறது என்பது அவர் நினைப்பு. சட்டத்தை இன்னொரு தடவை மனசுக்குள் படித்துப் பார்த்தார். அடுக்களை என்றுதான் இருக்கிறது; பரணைப் பற்றிப் பேச்சே இல்லை. தனக்குத் தானே அனுமதி வழங்கி, அரைநாள் விடுப்பு எடுத்து, அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் மூட்டையை இறக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோனார்.

“எது கனமோ எடுத்துக்கோ. நம்ம கூட்டாளிகளுக்கும் ஆளுக்கொண்ணு அடிச்சிரு.”

“பிரிச்சுப் பாக்கலையா அண்ணாச்சி?”

“பாத்தா மனசு கேக்காதுடே.”

நாலு பம்பர் வந்தது. மிச்சத்தை ஆரிப் கூலியில் கழித்துக்கொண்டான். மூட்டை காலி. ஆரிப்புக்கு ஒரே ஒரு சந்தேகம்.

“இதுல ‘ராஜராஜேஸ்வரி’ன்னு பேரு வெட்டிக் கிடக்கே. தேய்ச்சிரவா?”

“தேய்ச்சா கனம் கொறைஞ்சிரும். எழுத்து அடிப்பக்கமா வாரது மாதிரி மடக்கு. அடியை யாரு பாக்கா?”

ஞாயிற்றுக்கிழமை அதே பாறையில் ஜீப் ஏறி இறங்கியது. ஒரு கீறல் இல்லை. வன்னியராஜே வந்து கை கொடுத்தார். சிவசண்முகம் வீடு திரும்பி, சக்கரம் அமுங்கிவிடாமல் இருக்க, வழக்கம்போல ஜீப்பை மல்லாத்தி அலமாரியில் வைத்தார்.

மறுநாள் காலையில் காப்பியோடு செய்தியும் வந்தது.

“ஏங்க, வார ஞாயித்துக்கிழம ஆழ்வார்திருநகரியிலருந்து ஞானம்பா அக்கா வாரா. கல்யாணத்துக்கு அவ தந்த தாம்பாளத்தைப் பரண்லருந்து எடுத்துத் தாங்க.”

சிவசண்முகம் டம்ளரைக் கீழே வைத்தார்.

“எந்தத் தாம்பாளம்?”

“வட்டமா, பெரிசா, ஓரத்துல தாமரைப்பூ போட்டிருக்கும். பேரும் தேதியும் வெட்டியிருக்கும். அதுல வெத்தல பாக்கு வச்சுக் கொடுத்தாத்தான் அவளுக்கு மனசு நெறையும்.”

கொடுத்தவர் வீட்டுக்கு வந்தால் கொடுத்த பாத்திரம் கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் அவர் வாய்திறந்து கேட்க மாட்டார். ஊருக்குப் போய், பார்க்கிறவர்களிடம் எல்லாம் கேட்பார். சிவசண்முகம் ஆபீசுக்குப் போகிற வழியில் டவுனுக்குப் போனார். தாஜ் முகம்மதுவின் பாத்திரக் கடையில் தாமரைப்பூத் தாம்பாளம் கிடைத்தது. ‘ஞானம்பாள் அன்பளிப்பு 7-9-2003’ என்று புள்ளிப் புள்ளியாக வெட்டி வாங்கினார்.

ஆனால் தாம்பாளம் பளபளவென்று முகம் காட்டியது. மொட்டைமாடியில் அதன்மேல் ஆற்றுமணலைக் கொட்டி, ஜீப்பை நாற்பது சுற்று ஓட்டினார். ஒரே சாயங்காலத்தில் அதற்கு இருபத்திரண்டு வயது ஆனது.

ராஜராஜேஸ்வரி தாம்பாளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அன்னைக்குப் பாத்தது மாதிரியே இருக்கு” என்றாள். சிவசண்முகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புதன்கிழமை வரைக்கும் இருந்தது.

“அக்கா தாம்பாளத்தோட ஒரு குக்கரும் தந்தால்லா. அஞ்சு லிட்டர். கேஸ் அடுப்புலயும் வைக்கலாம், கரண்ட் அடுப்புலயும் வைக்கலாம். அதையும் எடுத்துருங்க.”

மூட்டையில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. ஆரிப்புக்கோ எல்லாமே தகடு. அவளுக்குத் தெரியும். இதுதான் சிக்கல். மறுபடியும் டவுன்.

“இந்த மாடல் போன வருசந்தான் வந்துது அண்ணாச்சி,” என்றார் தாஜ் முகம்மது. “நீங்க ரெண்டாயிரத்து மூணுன்னு வெட்டச் சொல்லுதிய.”

“நீங்க வெட்டுங்க.”

ஞானம்பாள் மதினி அப்போதே காலத்துக்கு முந்தி யோசித்திருக்கிறார் என்று சிவசண்முகம் மனசாரப் பாராட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஞானம்பாள் வந்தார். குக்கரில் வெந்த சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு நீட்டினாள் ராஜராஜேஸ்வரி. ஞானம்பாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தைப் படித்தார்.

“ஏட்டி ராஜி, நான் எங்க தாம்பாளம் தந்தேன்? நான் தந்தது சுவர்க் கடிகாரம்லா. அந்தா தொங்குது.”

தொங்கியது. கண்ணாடியிலேயே ‘ஞானம்பாள் அன்பளிப்பு’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. இருபத்திரண்டு வருடமாக அதில் மணி பார்த்துத்தான் சிவசண்முகம் ஆபீசுக்குக் கிளம்புகிறார். பெயரைப் பார்த்ததில்லை.

“உனக்கு மறந்திருக்கும்க்கா,” என்றாள் ராஜராஜேஸ்வரி. “இவுகளுக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இவுகதான் தேடி எடுத்தாவ.”

“அப்படியா தம்பி?”

சிவசண்முகம் அலமாரியைப் பார்த்தார். ஜீப் மல்லாந்து கிடந்தது.

“ஆமா மதினி. நீங்கதான் தந்திய. குக்கரும் தந்திய.”

“அடடே, அவ்வளவா தந்திருக்கேன்!” என்றார் ஞானம்பாள். தன் தாராளத்தைத் தானே மெச்சிக்கொண்டு, சந்தோஷமாக பஸ் ஏறினார்.

கதவைச் சாத்தியதும் சிவசண்முகத்தால் பொறுக்க முடியவில்லை.

“அந்த மூட்டையில என்னதான் இருந்துது ராஜி?”

“எந்த மூட்டை?”

நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் அலமாரியிலிருந்து ஜீப்பை மல்லாத்தினபடியே எடுத்து, பம்பரின் அடியில் விரல் வைத்தாள்.

“இது எம் பேரு. எங்கம்மா வெட்டித் தந்த தவலை. அடி ஓட்டை. அந்த மூட்டை மொத்தமும் ஓட்டைப் பாத்திரந்தான். பழைய சாமான்காரனுக்குப் போடணும்னு நான் கட்டி வச்சது. போன பொங்கலுக்குப் பரண்ல ஏத்துனதே நீங்கதான். கேட்டிருந்தா நானே எடுத்துத் தந்திருப்பேன்.”

“பெறகு ஏன் என்னைய இதெல்லாம் வாங்க வச்ச?”

“நான் எப்ப வாங்கச் சொன்னேன்? பரண்ல இருக்கத எடுத்துத் தாங்கன்னேன். எடுத்துத் தந்திய.”

சிவசண்முகம் அவள் சொன்னதையெல்லாம் கோப்பைப் புரட்டுவதுபோல ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒரு வரியிலும் பிழை இல்லை.

“கேக்காம எடுத்தது எடுத்ததுதான்,” என்றபடி அவள் ஜீப்போடு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். ஜன்னலுக்குக் கீழே வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. “அது கெடக்கட்டும். அடுத்த மாசம் எந் தம்பி கோமதிசங்கர் வாரான். கல்யாணத்துக்கு அவன் ஒரு கிரைண்டர் தந்தான்லா. அதுவும் பரண்லதான் கெடக்கும். பைய எடுத்து வையுங்க.”

கல்யாணத்தின்போது கோமதிசங்கர் ஏழாம் வகுப்பு. அன்றைக்கு அவன் போட்டிருந்த கால்சட்டையே சிவசண்முகம் எடுத்துக் கொடுத்தது.

அவர் ஜீப்பைப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார்.

“சாயுததா, சாதாவா?” என்று கேட்டார்.