பின்னுக்குப்போ அண்ணை தந்த முன் சீற்

மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் ஒருவருக்கு இரகசியம் இருக்க வேண்டுமானால் அவர் நடந்துதான் போகவேண்டும். எங்கள் தனியார் பஸ்ஸில் ஏறினால் ‘பின்னுக்குப்போ’ அண்ணை அதை ஊருக்கே சொல்லிவிடுவார். அந்த பஸ்ஸின் கொண்டக்டர் அவர். சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. காற்று நுழைய இடமில்லாத நேரத்திலும் பின்னுக்கு ஒரு பந்தடி மைதானம் வெறுமனே கிடப்பதாக நம்பி எல்லாரையும் அங்கே அனுப்புவார். அதனால் வந்த பெயர் அது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்க வேண்டியவர்களை வருத்தத்தின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். முதலில் சீனி வருத்தக்காரர், பிறகு பிரஷர்காரர். ஒருநாள் மூலவருத்தக்காரர் ஒருவர் இறங்க மறுத்து, கடைசித் தரிப்பு வரைக்கும் போய்விட்டார்.

மற்றவர்களின் மானம் போனபோது நானும் சேர்ந்து சிரித்தவள்தான். முல்லைத்தீவில் ஒரு கந்தோரில் எனக்கு எழுத்து வேலை. ஒரு திங்கட்கிழமை சாப்பிடாமல் ஓடிவந்து ஏறி, பக்கத்தில் நின்றவரின் மண்ணெண்ணெய்க் கானின் நெடியில் நின்றதில் தலை சுற்றி ஓங்காளித்துவிட்டேன். அண்ணை கண்டுவிட்டார். கர்ப்பிணித் தாய்மாருக்கென்று எழுதியிருந்த முன் சீற்றில் இருந்த ஆளை உடனே எழுப்பினார்.

“பிள்ளைத்தாச்சி நிக்கிறா, இடம் விடுங்கோ.”

பஸ் முழுவதும் என் வயிற்றைப் பார்த்தது. கலியாணம் முடித்துப் பல வருடமாகியும் அதில் சோற்றைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. அன்றைக்கு அதுவும் இல்லை. அப்படியொன்றும் இல்லை அண்ணை என்று மெதுவாகச் சொன்னேன். இதற்கெல்லாம் வெட்கப்படக் கூடாது என்று அவர் உரக்கச் சொன்னார். நின்றால் இன்னும் பார்ப்பார்களே என்று அந்த சீற்றில் இருந்துவிட்டேன். இருந்ததோடு கதை உறுதியாகிவிட்டது.

அதன்பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும், இரண்டு உயிர் இருக்கிறது, பார்த்து ஓட்டு என்று சாரதியை ஏசினார். ஒட்டுசுட்டானில் ஏறும் ஒரு அம்மா என் மடியில் மாங்காய் வைத்தார். மானத்தைக் காப்பாற்ற ஒருநாள் அரசாங்க பஸ்ஸில் ஏறினேன். எங்கள் பஸ் அதை முந்தும்போது அண்ணை மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, அது குலுக்கும், பிள்ளைக்குக் கூடாது, இறங்கி வா என்று கத்தினார். அந்த பஸ்ஸிலும் ஒருவர் எழும்பி எனக்கு இடம் தந்தார்.

பஸ் ஏறிய கதை வீட்டுக்கு வராமல் இருக்குமா? தண்ணீரூற்றில் இருக்கும் என் மாமி, கணவரின் தாய், உழுத்தம்மாவும் நல்லெண்ணெயும் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். குசினி அடுப்படியில் வைத்து உண்மையைச் சொன்னேன்.  மாமி கொண்டுவந்ததையெல்லாம் அலுமாரிக்குள் அடுக்கினார். எனக்கு உயிரே போய்விட்டது.

மறுநாள் அண்ணை அந்த சீற்றைக் காட்டியதும் என் பொறுமை அறுந்தது.

“அண்ணை, எனக்குப் பிள்ளை இல்லை. உங்கட கதையைக் கேட்டு மாமி வந்து அழுதிட்டா. இனி என்னை அதிலை இருத்தாதேங்கோ.”

எல்லாருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். அண்ணை தானே பின்னுக்குப் போய்விட்டார்.  கூப்பிட ஆளில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய இரண்டு பேர் இறங்க மறந்து போனார்கள்.

முல்லைத்தீவில் நான் இறங்கும்போது கதவடியில் தலை குனிந்து நின்றார். அவருக்கு மெதுவாகவும் பேசத் தெரியும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

“எங்கட வீட்டையும் பிள்ளை இல்லை, தங்கச்சி. ஆருக்கெண்டாலும் கிடைச்சால் எனக்குச் சந்தோசம் தாங்காது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

ஏசிவிட்டு வந்த எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஓம் அண்ணை என்று மட்டும் சொன்னேன்.

இன்றைக்கும் அந்த நாட்களை நினைத்தால் முகம் சுடுகிறது. ஆனாலும் எங்கள் வீட்டாரைத் தவிர, எனக்கொரு பிள்ளை வரவேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்ட மனிதர் அவர் ஒருவர்தான்.