பச்சைப் பொத்தானை அழுத்த ஓர் ஆள் தேவை

கும்மிடிப்பூண்டி,
வியாழக்கிழமை மத்தியானம்

அன்பும் மரியாதையும் மிகுந்த அக்கா மெர்சிக்கு, தம்பி எபினேசர் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நீயும் மாமாவும் பிள்ளைகளும் கர்த்தர் கிருபையால் நலம் என்பதை உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் ஸ்டேட்டஸை நீ பார்க்கவில்லை என்பதையும் அதே போன்தான் சொன்னது. கூப்பிட்டால் பின்னால் குக்கர் விசிலடிக்க, "இரு எபி, அப்பறமா பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் ஈஸ்டர் போயும் வரவில்லை. ஆகவே கூரியரில் கடிதம். கையெழுத்துப் போட்டு வாங்குவதற்காவது நீ வாசல் வரை வந்தாக வேண்டும்.

விஷயம் ஆபீஸ் சம்பந்தப்பட்டது, அவசரமானது. திருவள்ளூர் சர்ச்சில் எல்லாரிடமும் தம்பிக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை என்று நீ சொல்லி வைத்திருப்பதால் முதலில் இருந்து சொல்கிறேன். இங்கே இரும்புக் கம்பெனிகளில் லாரியை எடை போட்டுச் சீட்டு கொடுக்கிறார்களே, அந்தச் சீட்டுக்கான சாஃப்ட்வேரை எழுதுவது நாங்கள். எழுதியதை எல்லாம் ரெப்போ என்ற ஒரே இடத்தில் சேர்த்து வைப்போம். யார் எதை மாற்றினாலும் என் மேஜைக்கடியில் இருக்கும் சர்வர் என்ற கம்ப்யூட்டர் தானாகவே மொத்தத்தையும் சேர்த்துக் கட்டி, ஓட்டிப் பார்த்து, சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு காட்டும். இதற்குப் பெயர் பில்ட். அதற்கு மேலே ஒரு விதி உண்டு: எழுதியவனே தன் வேலைக்குச் சம்மதம் சொல்லிக்கொள்ளக் கூடாது. இன்னொருவர் படித்துப் பார்த்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் அது வெளியே போகும். 'நாங்கள்' என்று எழுதினேன் அல்லவா, அதில்தான் சிக்கல். என்னோடு வேலை பார்த்தவர்கள் இரண்டே பேர். மோனிகா கல்யாணமாகி ஹைதராபாத் போய்விட்டாள். லோகு, 'கடைசி', 'கடைசி புதுசு', 'கடைசி தொடாதே' என்று ஊர்ப்பட்ட ரெப்போக்களைத் திறந்து வைத்துவிட்டு, பிரியாணி வாங்கிக்கொடுத்து பெங்களூருக்கு வண்டி ஏறிவிட்டான். அத்தனையையும் நான் ஒருவனாக உட்கார்ந்து ஒழுங்குபண்ணினேன். இப்போது ரெப்போ கோயில் மாதிரி சுத்தமாக இருக்கிறது, உள்ளே வர ஆள்தான் இல்லை.

முதலாளி குப்புராஜிடம் இன்னொரு ஆள் வேண்டும் என்று கேட்டேன். "இன்னாத்துக்குபா ஆளு? மிஷினே எல்லாத்தையும் தானா பண்ணிக்கினு கீதே, நீ சும்மா பாத்துக்கினு இரு" என்றார். சரி, நீங்களாவது பொத்தானை அழுத்துங்கள் என்று அவர் பெயரில் ஒரு கணக்குத் திறந்து முன்னால் உட்காரவைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தவர், "பச்சையா கீதே? பச்சைல கையெழுத்து பெரிய ஆபீசருங்கதான் போடணும். நாம போட்டா கேஸாயிடும்" என்று பக்கத்தில் சிவப்பாக இருந்த பொத்தானை அழுத்திவிட்டு, பயபக்தியோடு எழுந்து போய்விட்டார். அது நிராகரிப்புப் பொத்தான். கீழே டீக்கடை தணிகாசலம் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர், "இதுல என் பேரு வருமா நைனா? நாளைக்கு லாரி எடை கம்மியா காட்னா போலீசு என்னைத்தான தேடும்? வேணாம் பேஜாரு" என்று ஒரு டீயை இலவசமாக வைத்துவிட்டு இறங்கிவிட்டார். இத்தனைக்கும் நான் செய்திருக்கும் மாற்றம் சின்னது. ஒரு லாரிக்கு இரண்டு சீட்டு அச்சாகிறது, அதை ஒன்றாக்கினேன். அவ்வளவுதான். திங்கட்கிழமை இது தேர்வாய் கண்டிகை கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும்.

அக்கா, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. முன்பெல்லாம் பில்ட் பச்சையானால் லோகு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் "சூப்பர் நைனா" என்று போடுவான். அவன் போன பிறகு சர்வர் மட்டும் 'பில்ட் வெற்றி, பில்ட் வெற்றி' என்று போட்டுக்கொண்டிருந்தது, பதில் சொல்ல ஆளில்லை. பார்க்கச் சகிக்காமல், வெற்றி என்றால் அதுவே "சூப்பர் நைனா" என்றும் போடும்படி எழுதிவைத்தேன். நேற்று அது அப்படிப் போட்டதும் நான் "தேங்க்ஸ்" என்று பதில் போட்டேன். போட்ட பிறகுதான் யாருக்குப் போட்டோம் என்று புரிந்தது. வீட்டுக்குப் போனாலும் பூட்டை நான்தான் திறக்க வேண்டும். அம்மா போனதிலிருந்து இந்த வீட்டுப் பக்கம் நீ வரவில்லை. வந்தால் அழுகை வருகிறது என்றாய். எனக்கும் வருகிறது, ஆனால் நான் இங்கேயே அல்லவா இருக்கிறேன்.

எனவே அந்த இரண்டாவது ஆளாக உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். குறை கண்டுபிடிக்க உன்னை விட்டால் இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. எனக்குப் பார்த்த ஒரு பெண்ணுக்காவது நீ சம்மதம் சொன்னாயா? போனிலேயே அழுத்தக் கூடாதா என்று கேட்பாய். கூடாது, பாதுகாப்புக் காரணங்கள். நேரில்தான் வர வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிளம்பு. ரயில் என்றால் சென்னைக்குள் போய் வண்டி மாற வேண்டும், பெரியபாளையம் வழியாகப் பஸ்ஸில் வா.

மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். வழியெல்லாம் ஆண்டவர் உனக்குத் துணையிருக்கட்டும், ஜன்னலோர சீட்டும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி
எபினேசர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனவன் மனசு கேட்காமல் எழுதுகிறேன். போனிலேயே அழுத்தலாம். பாதுகாப்புக் காரணம் எதுவும் இல்லை. இன்னும் சொன்னால் நீ அழுத்தவே வேண்டாம். இன்னொருவர் சம்மதம் வேண்டும் என்ற அந்த விதி செட்டிங்கில் ஒரு டிக், அதைப் போட்டவனே நான்தான். எடுத்துவிட்டால் எல்லாம் தானாகவே போய்விடும், யாரும் தேவையில்லை. தினமும் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன், எடுக்க மனசு வரவில்லை, மூடிவிடுகிறேன். திங்கட்கிழமை காலையில் எப்படியும் எடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருக்கிறது. மீன் குழம்பு வைக்கிறேன். உப்பு கம்மி என்று சொல்வதற்காவது வா.